டர்ன்டேபிள்ல 33, 45, 78: வேகம் எப்படி உண்டாகுது, எங்க கெட்டுப் போகுது

பழைய டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர், கையில கிடைச்சவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது பெரும்பாலும் "இதுல 78 ஓடுமா"ங்கிறது தான், அடுத்தது "பாட்டு கொஞ்சம் இழுக்குதே, ஏன்". ரெண்டுக்குமே பதில் ஒரே இடத்துல இருக்கு, அந்த மெஷின் வேகத்தை எப்படி உண்டாக்குதுன்னு பாக்கணும். பல வருஷமா இந்த மெஷின்களை பிரிச்சு, எண்ணெய் விட்டு, மத்தவங்க வீட்டு ரெக்கார்டுகளை கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துட்டு வர்றேன், எனக்கு இதுல ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்க்ரூ டிரைவரை எடுக்குறதுக்கு முன்னாடி பிளேட்டரை, அதாவது ரெக்கார்டு வைக்கிற சுத்துற தட்டை, தூக்கி அடியில என்ன இருக்குன்னு பாருங்க. ரப்பர் சக்கரமா, பெல்ட்டா, இல்ல பிளேட்டரே மோட்டாரா. அது தெரிஞ்சா எந்த கோளாறு வரும் எது வராதுங்கிறது பாதி தெரிஞ்ச மாதிரி.

33, 45, 78ங்கிறது ரெக்கார்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தணும்ங்கிற கணக்கு. இந்த நம்பர்கள் வந்த கதையை சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா பின்னாடி வேகம் சரிபாக்குறப்ப இது தேவைப்படும். ஆரம்ப காலத்துல வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் எழுபது எண்பதுன்னு தன் வசதிக்கு பதிஞ்சாங்க. மின்சார மோட்டார் வந்தப்புறம் தான் 78 நிலைச்சுது, அதுவும் சரியா 78 கிடையாது. 60 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்குற நாடுகள்ல நிமிஷத்துக்கு 3600 சுத்து ஓடுற மோட்டாரை 46ஆல வகுத்தா 78.26 வரும், 50 ஹெர்ட்ஸ் நாடுகள்ல 3000 சுத்தை 38.5ஆல வகுத்தா 77.92 வரும், இந்த ரெண்டையும் தான் எல்லாரும் 78னு கூப்பிடுறோம். ரெண்டுக்கும் வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கம்மி. 33⅓ சினிமாவுல இருந்து வந்தது, 1926ல வைட்டாஃபோன் முறையில படத்தோட சேத்து ஓட்டுன 16 இஞ்ச் தட்டு, 1000 அடி ஃபிலிம் ரீல் ஒண்ணு ஓடி முடியிற 11 நிமிஷமும் ஒரே பக்கத்துல அடங்கணும்னு வேகத்தை குறைச்சாங்க. அதே வேகத்தை எடுத்துக்கிட்டு 1948ல கொலம்பியா கம்பெனி எல்பியை, அதாவது ஒரு பக்கத்துல ரொம்ப நேரம் ஓடுற ரெக்கார்டை, கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷமே ஆர்சிஏ விக்டர் 7 இஞ்ச்ல, நடுவுல ஒன்றரை இஞ்ச் ஓட்டையோட 45ஐ இறக்குனாங்க. ஒரு வீட்டுல மூணு விதமான ரெக்கார்டும் சேர்ந்து போச்சு, அதனால தான் ஒரே மெஷின்ல மூணு நாலு வேகம் வைக்க வேண்டிய கட்டாயம் வந்துச்சு. நாலாவது 16⅔. பேச்சு, பார்வையில்லாதவங்களுக்கான பேசும் புத்தகம் இதுக்கெல்லாம் பயன்பட்டுது, 1956ல கிரைஸ்லர் கார்ல வெச்சுக் குடுத்த பிளேயர் கூட அந்த வேகம் தான். இசைக்கு அது எடுபடல.

ஏன் எடுபடலன்னா, ஊசிக்கு அடியில க்ரூவ், அதாவது ரெக்கார்டுல சத்தம் பதிஞ்சிருக்குற பள்ளக் கோடு, எவ்வளவு வேகமா நகருதோ அவ்வளவு நுணுக்கமா சத்தத்தை பதிய முடியும். 12 இஞ்ச் எல்பியில வெளி ஓரத்துல செகண்டுக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுது, கடைசிப் பாட்டு வர்ற உள் பக்கத்துல அது 21 சென்டிமீட்டர் கிட்ட இறங்கிடும். எல்பியோட கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கலா கேக்குதேன்னு சொல்றவங்க காதுல குறை இல்ல, விஷயமே இது தான். 12 இஞ்ச் தட்டையே 45ல வெட்டி விக்கிறதும் இந்த காரணத்துக்காக தான், நேரம் குறையும் ஆனா சத்தம் திறந்து வரும்.

இப்ப ரப்பர் சக்கர மெஷின், அதாவது ஐட்லர் டிரைவ். எனக்கு ரொம்ப பிடிச்சது இது தான், ஏன்னா வேகம் மாறுறதை கண்ணால பாக்கலாம். மோட்டார் ஷாஃப்ட்ல, அதாவது சுத்துற தண்டுல, கீழ இருந்து மேல வரைக்கும் வெவ்வேற விட்டத்துல படி வெட்டியிருப்பாங்க, 78க்கு தடிமனான படி, 45க்கு அதை விட சின்னது, 33க்கு இன்னும் சின்னது. நீங்க லிவரை திருப்புனா ரப்பர் சக்கரம் விலகி, மேலயோ கீழயோ நகர்ந்து, அந்தந்த படியில போய் ஒட்டும், சக்கரத்தோட இன்னொரு பக்கம் பிளேட்டரோட உள் விளிம்பைத் தொட்டு சுத்த வைக்கும். இதுல பலர் கவனிக்காத ஒரு விஷயம் என்னன்னா ரப்பர் சக்கரத்தோட சைஸ் வேகத்தை தீர்மானிக்கிறதே இல்ல. ஷாஃப்ட் படியோட விளிம்பு எவ்வளவு வேகமா ஓடுதோ அதே வேகத்துல சக்கரத்தோட விளிம்பும் ஓடும், அதே வேகத்துல பிளேட்டர் விளிம்பும் ஓடும், நடுவுல இருக்குறது பெருசா சின்னதாங்கிறது கணக்குல இருந்து அடிபட்டுப் போயிடும். அதனால "சக்கரம் தேஞ்சு போச்சு அதான் வேகம் குறைஞ்சுடுச்சு"ன்னு யாராவது சொன்னா அப்படியே நம்பாதீங்க. தேய்மானம் வேகத்தை குறைக்காது, வழுக்குறது தான் குறைக்கும். ரப்பர் காஞ்சு பளபளன்னு ஆயிடுச்சுன்னா வழுக்கும், ஷாஃப்ட்ல எண்ணெய் பட்டிருந்தா வழுக்கும், சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்ப்ரிங் தளர்ந்தா வழுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பஞ்சை நனைச்சு சக்கர விளிம்பு, ஷாஃப்ட், பிளேட்டரோட உள் விளிம்பு மூணையும் துடைங்க, ரப்பர் ரொம்ப பளபளப்பா இருந்தா நைஸ் உப்புத்தாள்ல லேசா ஒரு சுத்து, பெரும்பாலும் அதோட சரியாயிடும்.

லிவரை திருப்பியும் வேகம் மாறலைன்னா மோட்டாரை சந்தேகப்படாதீங்க. லிவர் நகர்ற இடத்துல கம்பெனியில போட்ட கிரீஸ் பல வருஷத்துல மெழுகு மாதிரி இறுகிப் போயிருக்கும், சக்கரம் பாதி வழியில நின்னு ரெண்டு படிக்கு நடுவுல உரசிக்கிட்டு இருக்கும். அந்த பழைய கிரீஸை சுரண்டி எடுத்துட்டு புதுசு கொஞ்சமா வெச்சா போதும், என்கிட்ட "ஓடல"ன்னு வந்த ஐட்லர் மெஷின்கள்ல பாதிக்கு மேல இந்த ஒரு வேலையில எழுந்து உக்காந்திருக்கு. மோட்டார் தண்டைத் தாங்குற வெண்கல புஷ் எண்ணெயை உறிஞ்சி வெச்சுக்கிற வகை, அதுவும் காஞ்சிருக்கும், மெல்லிசான மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு ஊற விடுங்க. இன்னொண்ணு, வேலை முடிஞ்சதும் லிவரை நியூட்ரல்ல வைக்கணும், இதை கெஞ்சிக் கேக்குறேன். 33லயே வெச்சு மாசக்கணக்குல விட்டா ஷாஃப்ட் அழுத்துற இடத்துல ரப்பர்ல பள்ளம் விழுந்து, அப்புறம் ஓட்டுறப்ப டொக் டொக்னு கேக்கும், அந்த பள்ளம் சில சமயம் சரியாகவே ஆகாது.

இந்த வகையிலயே லென்கோ எல்75 ஒரு தனி அழகு. அதுல படியே கிடையாது, ஷாஃப்ட் கூம்பா இருக்கும், நிமிர்ந்து நிக்கிற சக்கரம் கூம்பு மேல முன்னும் பின்னும் நகரும், அதனால 33, 45, 78க்கு மட்டும் இல்லாம நடுவுல எந்த வேகத்துலயும் நிறுத்தலாம். பழைய 78 ரெக்கார்டு கேக்குறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதின்னு கீழ சொல்றேன். காரட் 301, 401 ரெண்டுலயும் வேற வழி, மோட்டாரோட சேர்ந்து சுத்துற அலுமினிய வட்டுக்குப் பக்கத்துல காந்தத்தை கிட்டக் கொண்டு வந்தா லேசா பிரேக் பிடிக்கும், அதை வெச்சு வேகத்தை மெல்லிசா ஏத்தி இறக்கலாம்.

பெல்ட் மெஷின்ல கணக்கு வேற. மோட்டார் தண்டுல மாட்டியிருக்குற புல்லியில ரெண்டு படி, ஒண்ணு 33க்கு, இன்னொண்ணு அதை விட 1.35 மடங்கு, அது 45க்கு. பல மாடல்ல வேகம் மாத்தணும்னா பிளேட்டரை தூக்கி கையால பெல்ட்டை அடுத்த படிக்கு மாத்தணும், இதை குறையா நினைக்காதீங்க, லிவர் இல்லாததால கெட்டுப் போக ஒண்ணும் இல்ல. ஆனா ஐட்லர் சக்கரத்துக்கு இல்லாத ஒரு பிரச்சினை பெல்ட்டுக்கு உண்டு, பெல்ட்டோட தடிமன் வேகத்தை மாத்தும். பெல்ட் புல்லியை சுத்தி வளையுறப்ப அதோட நடுப்பகுதி ஓடுற விட்டம் தான் கணக்கு, அதனால 20 மில்லிமீட்டர் புல்லியில 0.2 மில்லிமீட்டர் தடிமன் கூடின பெல்ட்டை போட்டீங்கன்னா வேகம் கிட்டத்தட்ட 1 சதவீதம் கூடிடும். கேக்க சின்ன நம்பரா தெரியும், ஆனா 6 சதவீதத்துக்கு சுருதி அரைக் கட்டை ஏறும், அப்ப 1 சதவீதம்னா அரைக் கட்டையில ஆறுல ஒரு பங்கு, ரெக்கார்டோட சேர்ந்து வயலினோ கீபோர்டோ வாசிக்கிறவங்களுக்கு உடனே உறுத்தும். புது பெல்ட் போட்டதும் பாட்டு வேகமா ஓடுற மாதிரி இருக்குன்னு சொல்றவங்க நிஜமாவே சரியா தான் சொல்றாங்க. நீளம் பொருந்துதான்னு மட்டும் பாக்காம தடிமனையும் பாத்து வாங்குங்க. பெல்ட்டை விரல் எண்ணெய் படாம எடுங்க, பட்டுட்டா ஆல்கஹால்ல துடைச்சிடுங்க.

சிங்க்ரோனஸ் ஏசி மோட்டார் இருக்குற மெஷின்ல இன்னொரு சங்கதி இருக்கு, இதுல ஏமாந்தவங்களை நிறைய பாத்திருக்கேன். அந்த மோட்டார் வோல்டேஜை பாத்து ஓடாது, கரண்டோட ஹெர்ட்ஸை பாத்து ஓடும். 50 ஹெர்ட்ஸ்ல 250 சுத்து ஓடுற மோட்டார் 60 ஹெர்ட்ஸ்ல 300 ஓடும். அதனால 60 ஹெர்ட்ஸ் நாட்டுல இருந்து வந்த மெஷினை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 50 ஹெர்ட்ஸ்ல மாட்டுனா, மோட்டார் எரியாது, ஆனா 33⅓ வேண்டிய இடத்துல 27.8 தான் ஓடும், பாட்டு மூணு அரைக் கட்டைக்கு மேல இறங்கி ஆம்பளை குரல் எல்லாம் குகைக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும். டிரான்ஸ்ஃபார்மரால ஹெர்ட்ஸை மாத்த முடியாது. இதுக்கு தீர்வு ரெண்டே ரெண்டு, ஒண்ணு 50 ஹெர்ட்ஸுக்கு செஞ்ச புல்லியை மாத்துறது, இன்னொண்ணு தானே ஹெர்ட்ஸை உண்டாக்குற எலக்ட்ரானிக் பவர் சப்ளை. அந்த பவர் சப்ளையில ஒரு நல்ல பலன், பெல்ட்டை தொடாமலே 45க்கு போகலாம், 50 ஹெர்ட்ஸுக்கு பதிலா 67.5 ஹெர்ட்ஸ் குடுக்கும், அவ்வளவு தான், 1.35 மடங்கு அங்கேயே நடந்துடுது.

விலை குறைஞ்ச மெஷின்கள்ல வர்றது டிசி மோட்டார், உள்ளயே ஒரு சின்ன சர்க்யூட் வேகத்தை பாத்துக்கும். 33, 45 பட்டன் அமுக்குனா சர்க்யூட் வேற வோல்டேஜ் குடுக்கும். இதுல வேகம் தப்பா இருந்தா மோட்டாருக்கு பின்னாடியோ அடிப்பக்கத்துலயோ சின்ன ஓட்டை வழியா திருகுற மாதிரி ஒண்ணோ ரெண்டோ ட்ரிம் ஸ்க்ரூ இருக்கும், பிளாஸ்டிக் நுனி உள்ள டிரைவரால மயிரிழை மயிரிழையா திருப்பணும். சில மோட்டார்ல ஒண்ணை திருப்புனா இன்னொரு வேகமும் சேர்ந்து நகரும், அதனால 33 சரி பண்ணிட்டு 45 பாத்துட்டு திரும்ப 33 பாக்கணும்.

டைரக்ட் டிரைவ் பத்தி நான் அதிகம் சொல்லப் போறதில்ல, ஏன்னா அது அதிகம் தொந்தரவு குடுக்காது. 1970ல டெக்னிக்ஸ் எஸ்பி-10ல ஆரம்பிச்ச வழி, பிளேட்டரோட தண்டே மோட்டாரோட தண்டு, நடுவுல பெல்ட்டும் இல்ல சக்கரமும் இல்ல. 1979ல வந்த எஸ்எல்-1200 எம்கே2ல க்வார்ட்ஸ் கிரிஸ்டலை பாத்து வேகத்தை பூட்டுனாங்க, பிட்ச் ஸ்லைடர்ல 8 சதவீதம் ஏத்தலாம் இறக்கலாம். பழசானா ஸ்லைடர்ல தூசி அடைஞ்சு வேகம் தாவும், கான்டாக்ட் கிளீனர் போட்டு சுத்தம் பண்ணணும், அதுக்கு மேலன்னா எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்ககிட்ட குடுக்குறது நல்லது.

சரி, வேகம் சரியா இருக்கான்னு எப்படி பாக்குறது. கருவி எதுவும் வேணாம், பிளேட்டர் ஓரத்துல சின்ன காகிதத் துண்டு ஒட்டிட்டு, ரெக்கார்டு மேல ஊசியை வெச்சு ஓட விட்டு, 100 சுத்து எண்ணுங்க. 33⅓ல 100 சுத்துக்கு சரியா 3 நிமிஷம் ஆகணும். 1 செகண்ட் முன்ன பின்ன ஆனா அரை சதவீதம் தான் பிழை, அதை விட துல்லியம் வீட்டுல கேக்குறதுக்கு தேவைப்படாது. 45ன்னா அதே 3 நிமிஷத்துல 135 சுத்து. ரெண்டு விஷயம் கவனிங்க, ஊசி ரெக்கார்டு மேல இருக்கணும், ஏன்னா க்ரூவ்ல உரசுறதே பிளேட்டரை லேசா பிடிக்கும், அப்புறம் மெஷின் கால் மணி நேரமாவது ஓடி சூடாகியிருக்கணும், ஆன் பண்ண உடனே எண்ணெய் கெட்டியா இருக்கும். போனை பிளேட்டர் நடுவுல வெச்சு பாக்குற ஆப்பும் இருக்கு, போனோட ஜைரோஸ்கோப் சொல்லிடும், அது வேகமா ஒரு அந்தாசுக்கு நல்லா உதவும், ஆனா ஊசி இல்லாத வேகத்தை தான் அது காட்டும்.

ஸ்ட்ரோப் தட்டு, அதாவது சுத்தி கோடு அச்சடிச்சு, மின்னுற விளக்குல வெச்சு வேகம் பாக்குற தட்டு, பயன்படுத்துறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல விளக்கு செகண்டுக்கு 100 தடவை மின்னும், 33⅓க்கு 180 கோடு போட்டா கணக்கு பிசிறில்லாம சரியா வரும், கோடு அசையாம நிக்கும். ஆனா 45க்கு 133.33 கோடு வேணும், மூணுல ஒரு கோடு அச்சடிக்க முடியாதே, அதனால 133 தான் போடுவாங்க. அது நிக்கிற வேகம் 45.11. அப்ப மெஷின் அச்சு அசலா 45ல ஓடுனா கோடு மெதுவா பின்னாடி நகர்ற மாதிரி தெரியும், அதை பாத்துட்டு வேகத்தை கூட்டாதீங்க. 60 ஹெர்ட்ஸ்ல இந்த தொல்லை இல்ல, 160 கோடு சரியா வரும். 78க்கு 50 ஹெர்ட்ஸ்ல 77 கோடு, 60 ஹெர்ட்ஸ்ல 92 கோடு, மேல சொன்ன 77.92ம் 78.26ம் இங்க திரும்ப வந்து நிக்கிது பாருங்க. தட்டு எந்த ஹெர்ட்ஸுக்குன்னு பாத்து வாங்கணும், விளக்கும் முக்கியம், இப்ப இருக்குற நிறைய எல்ஈடி பல்பு அப்படி மின்னாது, பழைய குண்டு பல்போ நியான் விளக்கோ வேணும்.

சராசரி வேகம் சரி, ஆனா சுருதி அலையுதுன்னா அது வேற வியாதி. இதை கண்டுபிடிக்க கடிகாரம் தான் வைத்தியர். நீண்டு நிக்கிற ஒரு ஸ்வரத்தை கேட்டு, அலை எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை வருதுன்னு பாருங்க. எல்பியில 1.8 செகண்டுக்கு ஒரு தடவைன்னா பிளேட்டர் ஒரு சுத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ரெக்கார்டோட ஓட்டை நடுவுல இல்ல, மெஷின் மேல பழி போடாதீங்க. 45ல அது 1.33 செகண்ட், பெரிய ஓட்டைக்கு போடுற அடாப்டர் தளர்வா இருந்தாலும் இதே தான் வரும். அதை விட அடிக்கடி படபடன்னு வந்தா தான் ரப்பர் சக்கரம், புல்லி, பெல்ட் இதுங்களை பாக்கணும், ஏன்னா அதெல்லாம் பிளேட்டரை விட வேகமா சுத்துற சாமான்கள். இந்த ஒரு சோதனையால எத்தனையோ மோட்டார்கள் வீணா மாத்தப்படாம தப்பிச்சிருக்கு.

இப்ப 78. லிவர்ல 78னு எழுதியிருந்தா ஓடும், ஆனா சுத்துறது மட்டும் தான் ஓடுறதுன்னு நினைச்சா ரெக்கார்டுக்கு கெடுதல். எல்பி ஊசியோட நுனி சுமார் 18 மைக்ரான், 78 க்ரூவுக்கு வேண்டியது சுமார் 76 மைக்ரான். எல்பி ஊசியை 78ல வெச்சா க்ரூவோட அடியில கிடந்து குப்பையை எல்லாம் வாரிக்கிட்டு இரைச்சலா ஓடும், 78 ஊசியை எல்பியில வெச்சா எல்பி பாழ். பழைய மெஷின்கள்ல ஊசி மாட்டியிருக்குற கார்ட்ரிட்ஜையே திருப்புற சின்ன பிடி இருக்கும், ஒரு பக்கம் எல்பி, ஒரு பக்கம் 78, வேக லிவரை மாத்துறப்ப அதையும் சேத்து மாத்தணும். அப்புறம் மேல ரப்பரை துடைக்க சொன்ன ஆல்கஹாலை 78 ரெக்கார்டு பக்கமே கொண்டு போகாதீங்க, பெரும்பாலான 78 அரக்குல செஞ்சது, ஆல்கஹால் அதை கரைச்சிடும்.

78னு எழுதியிருக்குற எல்லாமே 78லயும் இல்ல, அதுலயும் 1920களுக்கு முந்தினது எதை எடுத்தாலும் சந்தேகத்தோட தான் வைக்கணும். நான் செய்யறது இது தான், பாட்டுல பியானோவோ ஹார்மோனியமோ மாதிரி சுருதி மாறாத வாத்தியம் இருக்கான்னு கேப்பேன், டியூனரை வெச்சு எந்த ஸ்வரத்துக்கு பக்கத்துல நிக்குதுன்னு பாப்பேன், ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல தொங்குனா வேகம் தப்பு. 78ல அரைக் கட்டைங்கிறது சுமார் 4.6 சுத்து, அதனால சாத்தியமான வேகங்கள் 74, 78, 83னு தள்ளித் தள்ளி நிக்கும், அதுல எது சரிங்கிறதை பாடுறவர் மூச்சும் குரலோட அதிர்வும் காட்டிக் குடுத்துடும். அந்த கால வாத்தியங்கள் எல்லாம் இன்னைக்கு இருக்குற 440 ஹெர்ட்ஸ் அளவுக்கு சுருதி சேத்ததா இருக்கணும்னு அவசியம் இல்ல, அதனால டியூனர் சொல்றது பாதி, காது சொல்றது மீதி. லென்கோ கூம்பு மேல எனக்கு இருக்குற பிரியம் இதனால தான், லிவரை மெல்ல நகத்திக்கிட்டே வந்தா குரல் மனுஷக் குரலா மாறுற இடம் தெரியும்.

78 இல்லாத மெஷின்ல 78ஐ பதியவும் வழி இருக்கு. சரியான ஊசியை மாட்டி 45லயே ஓட்டி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, 1.733 மடங்கு வேகமாக்கணும். ஆடாசிட்டிங்கிற சாஃப்ட்வேர்ல 45ல இருந்து 78க்குன்னு தேர்ந்தெடுக்கவே வசதி இருக்கு, ஸ்பீடு மாத்துறதை எடுங்க, டெம்போ மாத்துறதை எடுத்தீங்கன்னா சுருதி அப்படியே கீழயே நின்னுடும். ஆனா பலரும் விட்டுடுற இடம் ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது ஊசியில இருந்து வர்ற சின்ன சிக்னலை பெருசாக்குற சாமான். அது எல்பிக்குன்னு வகுத்த ஆர்ஐஏஏங்கிற திருத்த அளவுல பாஸை ஏத்தி ட்ரெபிளை இறக்கும், 78களோட அளவு அதுவே வேற, போதாததுக்கு நீங்க மெதுவா ஓட்டுறதால தட்டுல 500 ஹெர்ட்ஸ்ல இருக்குறது 288 ஹெர்ட்ஸா வெளிய வருது, திருத்தம் எல்லாம் தப்பான இடத்துல விழும். அதனால ப்ரீஆம்ப்ல ஃப்ளாட், அதாவது எந்த திருத்தமும் செய்யாத, வசதி இருந்தா அதுல பதிங்க, இல்லன்னா கம்ப்யூட்டர்ல முதல்ல ஆர்ஐஏஏவை கழிச்சுட்டு, அப்புறம் வேகத்தை ஏத்திட்டு, கடைசியா 78க்கான பாஸ், ட்ரெபிள் திருத்தத்தை, அதாவது ஈக்வலைசேஷனை, போடுங்க, வரிசை மாறக் கூடாது. எந்த திருத்தமும் செய்யாத அந்த முதல் ஃபைலை தனியா வெச்சுக்கிட்டு, எந்த வேகத்துல ஓட்டுனது, எந்த ஊசி, ப்ரீஆம்ப் ஃப்ளாட்டா இல்லையாங்கிறதை ஃபைல் பேர்லயே எழுதி வைங்க, பின்னாடி வேற யாராவது நம்மளை விட நல்ல காதோட உக்காந்து வேகத்தை திருத்தணும்னா அவங்களுக்கு அது தான் வேணும்.